போலீஸ்காரருக்கு டீ போடாத வீடு

சஃப்ரின் நல்லவதான். எனக்கு எரிச்சலே அதுதான். கெட்டவளா இருந்தா நிம்மதியா திட்டித் தீத்திருக்கலாம்லா?

நாங்க ரெண்டு பேரும் தென்காசியில ஒரே தெரு, ஒரே காலேஜ், ஒரே பி.காம். இன்டர்நேஷனல் பிசினஸ். கூடவே ஜப்பான் பாஷையும் படிச்சோம். அவ வாப்பா துபாய்ல கடையில நிக்காவ. எனக்கு அப்பா இல்ல. அம்மா முத்துவடிவு குத்தாலத்துல மங்குஸ்தானும் ரம்புட்டானும் விக்கா. அந்தப் பழப்பெட்டி அட்டையைக் கிழிச்சு, அதுல ஜப்பான் எழுத்தை எழுதி எழுதிப் படிச்சவ நான். சஃப்ரின் என் நோட்டைப் பாத்து எழுதுவா.

ஒசாகா பக்கம் ஒரு காலேஜ்ல ஆறு மாசம் படிக்க ஒரே ஒரு சீட் வந்துச்சு. செலவெல்லாம் அவங்களோடது. பரீட்சையில நான் முதல், அவ ரெண்டாவது. அன்னைக்கு நான் தரையிலயா நடந்தேன்!

ஆனா எங்கிட்ட பாஸ்போர்ட் கிடையாது. விண்ணப்பிச்சேன். நான் காலேஜ்ல இருந்தப்போ விசாரணைக்குப் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்திருக்காரு. "முத்துசெல்வி இங்கனதான இருக்கா?"ன்னு கேட்டிருக்காரு. எங்கம்மா வாசலை அடைச்சு நின்னுக்கிட்டு, "அப்படி யாரும் இங்கன இல்ல சார்"னு சொல்லிட்டா!

சஃப்ரின் வீட்டுக்கு இதே வேலையா போலீஸ்காரர் வந்தப்போ, அவ உம்மா ஜாஹிரா பீவி சேர் போட்டு, டீயும் நேந்திரம் சிப்ஸும் குடுத்தாங்களாம். துபாய்க்குப் போய் வாற வீடு, பழக்கம். எங்க வீட்ல போலீஸ்னா கதவைத்தான் சாத்துவோம்.

அந்த விலாசத்துல ஆளே இல்லைன்னு ரிப்போர்ட் போயிருச்சு. நான் அலைஞ்சு திரும்ப எழுதிக் குடுக்கதுக்குள்ள கெடு முடிஞ்சு போச்சு. சீட்டு ரெண்டாவது ஆளுக்கு.

"போலீஸைக் கண்டதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடலட்டி"ன்னு அம்மா அழுதா. தெருவே சிரிச்சுச்சு. பாவம்னு விட்டுட்டேன்.

ஏப்ரல்ல சஃப்ரின் போனா. தினமும் ஸ்டேட்டஸ். ரயில், ரயிலுக்குள்ள அவ, ரயிலுக்கு வெளிய அவ. போதாததுக்கு போன் வேற. "ஏட்டி, நாளைக்கு வகுப்புல பேசணும், கொஞ்சம் திருத்திக் குடேன்." என் சீட்டுல உக்காந்துக்கிட்டு என்கிட்டயே கேக்கா! திருத்திக் குடுப்பேன். அப்புறம் சோறு இறங்காது.

ஜூலை, நல்ல சீசன். குத்தாலத்துல தள்ளுவண்டிப் பக்கத்துல நானும் நின்னேன். சஃப்ரின் அங்க எல்லார் முன்னாலயும் பேசி, கைதட்டு வாங்குன வீடியோ வந்துச்சு. முக்காவாசி நான் எழுதிக் குடுத்த பேச்சு. போனைச் சாக்கு மேல வீசிட்டேன்.

"வயிறு எரியுதும்மா. நல்லா இருக்கட்டும்னு வாய்தான் சொல்லுது. அவ அழுதுக்கிட்டே திரும்பி வரணும்போல இருக்கு."

அம்மா பழத்து மேல தண்ணி தெளிச்சுக்கிட்டே சொன்னா: "எனக்கும் அப்படித்தான்ட்டி எரிஞ்சுது."

"சஃப்ரினைப் பாத்தா?"

"ஒன்னையப் பாத்து."

அம்மா தண்ணிச் செம்பைக் கீழ வச்சா.

"ஊர் ஊரா குளிக்க வாறவுகளுக்கு இருவது வருசமா பழம் நிறுத்துப் போடுதேன். நான் செங்கோட்டையத் தாண்டினதில்ல. நீ என்னமோ ஏரோப்பிளேன்ல போறேன்னு குதிச்ச. போலீஸ்காரரு எதுக்கு வந்தாருன்னு எனக்குத் தெரியும். பயமெல்லாம் இல்ல. இல்லைன்னு சொன்னா என்னன்னு தோணுச்சு. சொல்லிட்டேன்."

"கிலோ என்ன விலைம்மா?"ன்னு ஒருத்தர் வந்து நின்னாரு. அம்மா விலை சொன்னா. தராசைக் கையில எடுத்தா.

திட்டத்தான் வாயெடுத்தேன். இத்தனை மாசமா நான் சஃப்ரினை நெனச்சு எரிஞ்ச மாதிரியே, என்னைய நெனச்சு ஒருத்தி என் பக்கத்துலயே படுத்துக் கிடந்திருக்கா. தராசை வாங்கி நானே பழத்தை நிறுத்துப் போட்டேன்.