உருகாமல் ஒட்டிய அலுமினியம்

அந்தக் கோடை விடுமுறையை நினைத்தால் முதலில் வருவது வெளிச்சம்தான். கல்லூரிப் பட்டறையின் தகரக் கூரையில் அங்கங்கே ஆணி ஓட்டைகள். அவற்றின் வழியே இறங்கிய வெயில் தரையில் வட்டவட்டமாகக் கிடக்கும். நேரம் போகப்போக அவை மெல்ல நகர்ந்து, உலோகம் செதுக்கும் மில்லிங் மெஷின் மேல் ஏறும். திருநெல்வேலிக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் நானும் என் தோழியும் விரிவுரையாளர்களாக இருந்தோம். தொண்ணூறுகளின் கடைசி. கல்லூரியே தூங்கிக்கொண்டிருந்தது, நாங்கள் இருவர் மட்டும் தினமும் போனோம்.

பெங்களூரிலிருந்து என் அண்ணன் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் ஜெராக்ஸ் அனுப்பியிருந்தான். இரண்டு அலுமினியத் தகடுகளை நெருப்பில்லாமல், உருக்காமல் ஒட்டவைக்கலாம் என்றது அது. கனமான எஃகுத் தண்டு ஒன்று. அதன் அடிப்பாகம் தட்டையான தோள். தோளின் நடுவில் சிறிய ஊசி. தண்டை மில்லிங் மெஷினில் மாட்டிச் சுழலவிட்டு, தகடுகள் சேரும் கோட்டில் ஊசியை இறக்க வேண்டும். தோள் உரசுகிற சூட்டில் உலோகம் உளுந்தங்களி மாதிரி இளகும். ஊசி அதைக் கிண்டிக்கொண்டே நகர, பின்னால் இரண்டு தகடும் ஒன்றாகிவிடும். ஊசி எந்த வடிவில், எந்த எஃகில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் கட்டுரை சொல்லவில்லை.

எனக்கு அதைச் செய்து பார்க்க ஆசை. அவளுக்கு வேறு காரணமும் இருந்தது. சித்திரையில் அவளுக்கு நடக்கவிருந்த கல்யாணம் நின்றுபோயிருந்தது. பாளையங்கோட்டையில் அவள் வீட்டுக்கு விசாரிக்க வருகிறவர்கள் ஓயவில்லை. “வீட்டுல இருந்தா ஆறுதல் சொல்லியே கொன்னுருவாவட்டி” என்றாள் ஒருநாள். சொல்லிவிட்டுக் கட்டுரையைப் புரட்டத் தொடங்கினாள்.

முதல் கருவியைச் சாதாரண இரும்பில் கடைந்தோம். நாலு விரற்கடை தூரம் போவதற்குள் ஊசி சூட்டில் துவண்டு முறுக்கிக்கொண்டது. தோள் முழுக்க அலுமினியம் அப்பிக் கிடந்தது.

அடுத்தது, டிரில் பிட் செய்கிற கடின எஃகு. சூட்டுக்கு அது அசையவில்லை. ஆனால் ஊசியும் தோளும் சேரும் மூலையை நாங்கள் கூராக விட்டிருந்தோம். தகடு சூடாகும் முன்பே, அதைப் பொருத்தியிருந்த மெஷின் மேஜையை நகர்த்தியும்விட்டோம். டிங்கென்று ஒரு சத்தம். ஊசி அடியோடு ஒடிந்திருந்தது. பட்டறையைத் திறந்துவிடும் ஃபோர்மேன் அண்ணாச்சி ஓடிவந்தார்.

“பைய நகத்துங்கம்மா. மெஷினுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாந்தான பதில் சொல்லணும்?”

ஒடிந்த துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள். சத்தமே இல்லை. அண்ணாச்சி வெளியே போய்விட்டார்.

“ஏட்டி, இன்னொண்ணு கடைஞ்சுக்கிடலாம்” என்றேன்.

“ஊசிக்கு அழுதேன்னா நெனைக்க?”

பிறகு சொன்னாள். நிச்சயதார்த்தம் முடிந்த அந்தச் சில மாதங்களில் மாப்பிள்ளைமேல் அவளுக்குப் பிரியம் வந்துவிட்டிருந்தது. அது ஒருவருக்கும் தெரியாது. கல்யாணம் நின்றதை வீட்டில் எல்லோரும் மானக்கேடாகப் பார்த்தார்கள். அவளுக்கு ஒரு ஆள் இல்லாமல் போனதாக யாரும் நினைக்கவில்லை. நாங்கள் வழக்கமாகப் போகும் பஸ் வாசலில் நின்று ஹார்ன் அடித்துவிட்டுப் போனது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

மூன்றாவதற்கு, அலுமினியத்தைச் சூடாக அழுத்தி வார்க்கும் அச்சுகளுக்கான எஃகைத் தேடினோம். திருநெல்வேலிப் பேட்டையில் ஒரு பட்டறையில் துண்டு கிடைத்தது; கடைந்து கொடுத்ததும் அவர்களே உலையில் வைத்துக் கடினப்படுத்தியும் தந்தார்கள். இந்தமுறை கூர் மூலையை வளைவாக மழுக்கியிருந்தோம். இளகிய உலோகம் வெளியே பிதுங்காதபடி தோளைச் சற்றுக் குழித்து, ஊசியைக் கூம்பாக்கி, அதில் திருகுபோல மரை வெட்டியிருந்தோம். கருவி தாங்கியது. ஆனால் உலோகம் மரை வழியாகச் சுருள்சுருளாக மேலே ஏறி வந்தது. தகட்டை அறுத்துப் பார்த்தால் உள்ளே நெடுக, புழு துளைத்த மாதிரி ஒரு பொந்து.

அன்று சாப்பிட்டுவிட்டுச் சிமெண்டுத் தரையில் படுத்துக்கிடந்தோம். தென்காசிப் பக்கத்துக் காற்று முதல்முறையாக உள்ளே வந்தது. நான் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது அவள் கண்ணை மூடியபடியே விரலை அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். எதையோ கனவில் எழுதுகிறாள் என்று நினைத்தேன்.

“மரைதான மேல தூக்குது? எதிர்ப்பக்கமா சுத்தவிட்டா கீழ தள்ளாதா?” என்றாள், கண் திறக்காமல்.

எழுந்துபோய் மெஷினின் சுவிட்சை மறுபக்கம் திருப்பினோம். அவ்வளவுதான். ஊசியை இறக்கி, தகடு சூடாகும்வரை காத்திருந்து, பைய நகர்த்தினோம். கருவி போன வழியெல்லாம் மீன்செதில் மாதிரி அரைவட்டங்கள் மினுங்கின. ஆறியதும் வைஸ் என்கிற இடுக்கியில் இறுக்கி அவள் வளைத்தாள். தகடு வளைந்தது, பிளக்கவில்லை. அண்ணாச்சி வாங்கி அடிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எங்கனம்மா ஒட்டுனிய? சேந்த கோடே தெரியலியே!”

அவள் சிரித்தாள். அந்தக் கோடையில் அவள் பல் தெரியச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலம் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் பஸ்ஸைவிட்டு இறங்கி ஆற்றில் கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் முழங்காலுக்குக்கூட இல்லை. கால்விரல்களைச் சின்ன மீன்கள் கடித்துக்கொண்டிருந்தன. அவள் கேட்டாள்.

“செம்பு ஒட்டுமாட்டி?”

“அதோட சூட்டுக்கு இந்த எஃகு தாங்காதே.”

“தாங்குறது ஒண்ணு இருக்கும்லா” என்றாள்.

அடுத்த வருஷம் அதைத் தேடித்தான் அவள் ஆராய்ச்சி மாணவியாகச் சென்னைக்கு ரயிலேறினாள்.