மருந்து அட்டையில் வெட்டிய சன்னல்

மெர்லினுக்கு முப்பத்தொன்பதாம் வயதில் படம் வரையும் ஆசை தொற்றிக்கொண்டது. கச்சிராயபாளையத்தில் ஒரு மருந்துக் கடையில் அவளுக்கு வேலை. கணவன் ஜெரின் குவைத்தில் வண்டி ஓட்டினான். மகள் விடுதியில் தங்கிப் படித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்தால் மதியம் வரை அவளைத் தேடுவாரில்லை. செல்போனில் ஒரு வாட்டர்கலர் வகுப்பில் சேர்ந்தாள். ஸ்கூட்டியில் பலகையையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்துக்கொண்டு மலையைப் பார்க்கக் கிளம்பிவிடுவாள்.

ஆறு மாதமாகியும் ஒரு படம் தேறவில்லை. கல்வராயன் மலை என்றால் அவளுக்கு ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை வேண்டும். அதோடு அணை, கரும்பு, தென்னை, கரண்டுக் கம்பம், மேய்கிற ஆடு எல்லாவற்றையும் அதே தாளில் அடைப்பாள். மலை வரப்பு உயரத்துக்குச் சுருங்கிவிடும். வகுப்பெடுத்த தேவிப்ரியா ஒருநாள் குரல் பதிவு அனுப்பினாள்.

"நல்லாத்தான் வரையறீங்க. ஆனா எங்கள எதப் பாக்கச் சொல்றீங்கன்னு தெரியல. ஒரு அட்டையில சன்னல் மாதிரி வெட்டி, அது வழியாப் பாருங்க. உள்ள வர்றத மட்டும் வரைங்க."

கடையில் டானிக் வந்த அட்டைப் பெட்டி கிடந்தது. தாளின் அளவுக்குப் பொருத்தமாக, நீளவாக்கில் உள்ளங்கை அகலத்துக்கு மெர்லின் ஒரு சன்னல் வெட்டினாள். அட்டையின் வெளுப்பு கண்ணைக் கூசச் செய்ததால் கறுப்புப் பூசினாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறுகண்ணால் பார்க்க வேண்டும். அட்டையை முகத்தருகே பிடித்தால் பாதி மலை தெரியும். கையை நீட்டிப் பிடித்தால் ஒரு சரிவும் இரண்டு பனைமரமும்தான். எதை விடுவது என்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. முதல் நாள் ஒரு மணி நேரம் அட்டையை நகர்த்திக்கொண்டே இருந்துவிட்டு, தாளை நனைக்காமலே வீடு திரும்பினாள்.

மூன்றாவது ஞாயிறு ஊருக்கு வெளியே ஒரு கரும்புக் கொல்லையோரம் நின்றாள். ஒரு பகுதியில் கரும்பு வெட்டு முடிந்திருந்ததால் மலை நன்றாகத் தெரிந்தது. அட்டையை உயர்த்தி, ஒரு கண்ணை மூடி, இரண்டடி நகர்ந்து, பென்சிலால் தாளில் ஒரு கோடு போட்டாள். மறுபடி உயர்த்தினாள். நாலாவது தடவை உயர்த்தியபோது பின்னாலிருந்து ஒரு கை அட்டையைப் பிடுங்கியது.

"இன்னாத்த அளந்துக்கினு இருக்கிற? யாரு அனுப்புனது ஒன்ன?"

கொல்லைக்காரர் தெய்வசிகாமணி. அறுபது வயதிருக்கும். மூச்சு வாங்கியது. அட்டையை இரண்டாக மடித்து ஒடித்தார்.

"அளக்கலீங்க. படம் வரையறேன்."

"இப்டித்தான் போன தடவயும் மூணு பேரு வந்து ஒரு கண்ண மூடிப் பாத்துக்கினு இருந்தானுங்க. ஆறே மாசத்துல முக்கா ஏக்கரு ரோடாப் போச்சு."

மெர்லின் பலகையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். மலையின் விளிம்பும் கீழே கரும்புத் தோகையும் பென்சிலில் இருந்தன. அவர் தாளைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், கையிலிருந்த ஒடிந்த அட்டையைப் பார்த்தார். அதற்குள் அவர் மனைவி லட்சுமியம்மாள் வந்து சேர்ந்தாள்.

"மருந்துக் கடைப் பொண்ணுதான இது? ஒங்களுக்குச் சக்கரை மாத்திர எடுத்துக் குடுக்குமே!"

தெய்வசிகாமணி அட்டையை வரப்பில் வைத்துவிட்டு மோட்டார் கொட்டகைப் பக்கம் நடந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு அங்கே போகலாமா என்று மெர்லின் யோசித்தாள். அணைப் பக்கம் போய்ப் பார்த்தாள். அங்கே செல்பி எடுக்க வந்தவர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அதற்கடுத்த வாரம் புது அட்டை வெட்டிக்கொண்டு அதே கொல்லைக்குப் போனாள். இந்த முறை நேராகக் கொட்டகைக்குப் போய்க் கேட்டாள்.

"ஒரு மணி நேரம் ஒக்காந்து வரஞ்சிக்கட்டுங்களா?"

"வரஞ்சிக்கோம்மா," என்றார் தெய்வசிகாமணி, தரையைப் பார்த்தபடி. "அன்னிக்கு நான் அப்டிப் பண்ணியிருக்கக் கூடாது."

மலைப் படம் முடிகிறபோது லட்சுமியம்மாள் மோர் கொண்டு வந்தாள். அட்டையைக் கேட்டு வாங்கி, மெர்லின் செய்ததுபோலவே ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். மலையை ஒரு நொடிதான் பார்த்தாள். பிறகு அப்படியே முதுகைத் திருப்பி, கொல்லையின் கிழக்கோரம் ஓடிய தார் ரோட்டுக்கு நேராக அட்டையைக் கொண்டுபோனாள். கையை நீட்டினாள், கொஞ்சம் உள்ளே இழுத்தாள், நிறுத்தினாள்.

"போன நெலம் இந்த அளவுதான் இருந்துச்சி," என்றாள். "கெணறு அங்க, அந்த வெள்ளக் கோடு போவுது பாரு, அதுக்கு அடில. வருசம் ரெண்டு போகம் நெல்லு."

மெர்லின் அட்டையை வாங்கி அதே இடத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே மரமில்லை, மலையில்லை. தாரும் வெள்ளைக் கோடும் கொஞ்சம் வானமும்தான். அவள் இன்னொரு தாளை எடுத்தாள். வரைந்துகொண்டிருக்கும்போதே கரும்பு லாரி ஒன்று தோகை உதிர்த்துக்கொண்டு போனது. லாரியை விட்டுவிட்டாள். உதிர்ந்த தோகையை மட்டும் ரோட்டோரம் போட்டாள். முதல் தடவையாகத் தாளில் எதையும் அடைக்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை.

இரண்டு படங்களையும் காயவைத்து லட்சுமியம்மாளிடம் நீட்டினாள். "ரோட்டுப் படம் ஒங்களுக்குங்க."

லட்சுமியம்மாள் அதை நன்றாகப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். "இதுவேதான். அப்டியே இருக்குது. ஆனா வூட்டுல மாட்ட வேணாம்மா. வாசல்ல நின்னா தெனம் இதத்தான் பாக்குறோம். மலைய குடு."

மலைப் படம் அவர்கள் வீட்டில் டிவிக்கு மேலே மாட்டப்பட்டது. ரோட்டுப் படத்தை மெர்லின் தேவிப்ரியாவுக்கு அனுப்பினாள். "இதுல எதப் பாக்கணும்னு தெரியுதுங்க," என்று பதில் வந்தது. யாருடைய நிலம் என்று அவள் கேட்கவில்லை, மெர்லினும் சொல்லவில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கிளம்புகிறாள். எந்தக் கொல்லையானாலும் அட்டையை வெளியே எடுக்குமுன் ஆளைத் தேடிப் போய்ச் சொல்லிவிடுகிறாள்: "படந்தாங்க வரையறேன். அளக்க வரல."