உடுக்கைக்கு நான் சொன்ன பெயர்

திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊர். பெண்ணான நான் யாரோ ஒரு பெண்ணை விரும்புவதை அறிந்ததும், பேய் பிடித்திருக்கிறது என்று அம்மா கோடாங்கியை வரவழைத்தார். சிறுவயதிலிருந்தே உரத்த ஓசை என் உடம்பில் வலியாகவே இறங்கும். கோடாங்கியோ என் காதருகே உடுக்கையை அடித்தபடி, "யாருடி நீ? பேரைச் சொன்னா நிறுத்துறேன்" என்றார். ஓசை நிற்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. பாலவனத்தம் ஊரில் இருந்த, நான் விரும்பியவளின் பெயரைச் சொல்லிவிட்டேன். உடுக்கை நின்றது.

"இது ஒங்கூடப் படிக்கிற புள்ளையில்ல? அவ உசுரோடதான இருக்கா!" என்றார் அம்மா. மாமா அன்றே அவள் வீட்டுக்குப் போய்ச் சத்தமிட்டார். அவள் கல்லூரிக்குத் திரும்பவேயில்லை.

எட்டு மாதங்களுக்குப் பின் மதுரையில் ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். நான் காதைப் பொத்துவதைக் கண்டு, அவர் எழுந்து மின்விசிறியை நிறுத்தினார்.

"என்னைய மாத்திருங்க மேடம். இப்படியே இருந்தா செத்துருவேன்."

"மாத்த ஒண்ணுமில்லம்மா. பொண்ணை விரும்புறது நோயில்ல, சத்தம் தாங்காததும் நோயில்ல. அன்னைக்கு ஒங்களுக்கு நடந்ததுதான் காயம்."

"நாந்தான் அவளக் காட்டிக் குடுத்தேன்."

"வலியில வந்த வார்த்தைம்மா அது. அவுக பேரை என்கிட்டச் சொல்ல வேண்டாம்."

அதைக் கேட்டும் ஆறுதல் வரவில்லை. அடக்க முடியாமல் அழுதேன். அவள் எங்கிருக்கிறாள் என்பது இன்றும் தெரியாது, என்னை நான் மன்னிக்கவும் இல்லை. ஆயினும் புறப்படுகையில், அடுத்த வியாழக்கிழமைக்கு நேரம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.