எமரன்சியா எடுக்காத நன்மை

செத்தவீட்டில் வாயை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் எமரன்சியா மச்சாளின் பெட்டி மூடப்படாமல் உள்ளே இருக்கும்போதே, விறாந்தையில் இருந்த ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், வருடக்கணக்காக நன்மை எடுக்காத மனிசிக்குக் கோயிலில் பூசை வைப்பார்களா என்று கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேநீர்த் தட்டத்தை அப்படியே கதிரையில் வைத்துவிட்டு அவளுக்கு நன்றாகக் கொடுத்தேன். பூசை வைத்துத்தான் அடக்கம் செய்தார்கள், பாடல் பூசை. ஆனால் அன்றைக்கு நான் அவளுக்குக் கொடுத்தது ஏச்சு, பதில் இல்லை. பதில் கொஞ்சம் நீளம்.

பூசையில் சுவாமி நாக்கில் வைக்கிற நற்கருணை அப்பத்தைத்தான் எங்கள் வேதக்கார ஆட்கள், கத்தோலிக்கர், நன்மை என்பது. எமரன்சியா என் தமையன் மடுத்தீனின் மனைவி. மூதூர்க்காரி. சுதந்திரம் கிடைத்து நாலைந்து வருடத்தில், கொட்டியாரக் குடாவைத் தாண்டி லோஞ்ச் படகில் திருகோணமலைக்கு வந்து இறங்கிய கலியாணப் பெண். அண்ணனுக்கு அப்போது வெள்ளைக்காரனின் கடற்படைத் தளத்தில் வேலை. ஐம்பத்தேழில் அவர்கள் கப்பலேறிப் போக அந்த வேலையும் போய், பிறகு துறைமுகத்தில் சாமான் இறக்குகிற இடத்தில் ஒட்டிக்கொண்டான். கெட்டவன் இல்லை. கப்பல் வந்தால் காசு வரும், காசு வந்தால் சாராயம் வரும், சாராயம் வந்தால் மனைவி மேல் பாசம் பொங்கும். அவ்வளவுதான் அவனுடைய குறை.

எமரன்சியாவின் குறை வேறு. அவளுக்குப் பொய் வராது. பொய் பிடிக்காது என்றல்ல, வாய்க்கு வராது. என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் வயதில் மூன்றைக் குறைத்துச் சொல்வதென்று வீட்டில் எல்லோரும் பேசி வைத்திருந்தோம். மாப்பிள்ளையின் தாய் குசினிப் பக்கம் வந்து இவளிடம் சும்மா கேட்டிருக்கிறா. இவள் உள்ளதைச் சொல்லிவிட்டாள். அதனால்தான் நான் இன்றைக்கும் கலியாணமாகாத ரீச்சரம்மாவாகவே இருக்கிறேன். ஒரு மாதம் அவளோடு கதைக்கவில்லை. பிறகு கோபித்துப் பயனில்லை என்று விட்டுவிட்டேன். மழையோடு கோபிக்க முடியுமா.

பிள்ளைகள் வரிசையாகப் பிறந்தார்கள். அப்போது எங்கள் கோயிலில் குருவாக இருந்த பங்குச் சுவாமி வயதானவர், இரக்கமானவர். அவரைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. நாலாவது பிள்ளைக்குப் பிறகு எமரன்சியா போய்க் கேட்டதற்கு, நாள் பார்த்து விலகியிருங்கள், அதற்குத் திருச்சபையில் தடையில்லை, மற்ற வழியெல்லாம் பாவம் என்றார். நாள் பார்க்க எமரன்சியாவுக்குத் தெரியும். என் அண்ணனுக்குத் தெரிந்த ஒரே நாள் கப்பல் வருகிற நாள்.

அவளுடைய அக்கா யுவானா மூதூரிலேயே கலியாணம் செய்திருந்தாள். ஒன்பதாவது பிள்ளைக்குப் பேற்று நோவு கண்டு, அங்கே ஏலாது, திருகோணமலைக்குக் கொண்டுபோங்கள் என்று லோஞ்சில் ஏற்றினார்கள். மாரிக்காலம், கடல் கொந்தளிப்பு. இங்கே இறங்குதுறையில் எமரன்சியா பழஞ்சேலைகளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். லோஞ்ச் வந்து கட்டியபோது தாயும் உயிரோடு இல்லை, பிள்ளையும் இல்லை. அந்தச் சாவைக்கூட அவள் எப்படியோ தாங்கிக்கொண்டாள். பிறகு நடந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வருடம் திரும்புவதற்குள் யுவானாவின் புருசன் மறுகலியாணம் செய்தார். பெண்பிள்ளைகள் கன்னியர் மடத்து அநாதை இல்லத்துக்குப் போனார்கள். சின்னதுகளை ஆளுக்கொரு வீட்டில் பிரித்து விட்டார்கள். மூத்தவன் படிப்பில் சூரன், தோப்பூரில் ஒரு கடையில் அரிசி நிறுக்கப் போனான். எமரன்சியா அவனைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சட்டி பானையோடுகூடச் சத்தம் போடாமல் கிடந்தாள்.

அறுபத்தேழில் அவளுக்கு ஆறாவது பிள்ளை ஜெசிந்தா பிறந்தாள். பிள்ளை சுகம், தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. அண்ணனோடு வேலை செய்த கிண்ணியாக்காரர் இரண்டு பேர் ஓடி வந்து இரத்தம் கொடுத்தார்கள். ஒருவழியாகப் பிழைத்தாள். டொக்டர் குலசிங்கம் முகத்துக்கு நேரே சொல்கிற மனிதர். இன்னொரு பிள்ளை உண்டானால் இந்த மனிசி எழும்பாது என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்று பின்னேரமே எமரன்சியா படுக்கையில் இருந்தபடி, இனிப் பிறக்காமல் செய்கிற ஒப்பரேசனைச் செய்யச் சொல்லிக் கேட்டாள். அண்ணன் அழுதழுது கையெழுத்து வைத்தான்.

அந்த நாட்களில் ஒரு கதை அடிபட்டது. உரோமையில் இதைப் பற்றி யோசிக்கிறார்களாம், பாப்பரசர் சட்டத்தைத் தளர்த்தப் போகிறாராம் என்று. பங்குச் சுவாமியும் அதை நம்பியிருந்தார் போலிருக்கிறது. அவள் பாவசங்கீர்த்தனக் கூட்டில் பாவத்தை அறிக்கையிட்டுச் சொன்னதும், பொறுத்திரு பிள்ளை, வரட்டும் பார்ப்போம், அதுவரை நன்மையை எடு என்றாராம். இதையெல்லாம் எனக்குச் சொன்னது அவள்தான். சுவாமியின் கழுத்தை அறுத்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார்.

அறுபத்தெட்டு ஆடியில் பாப்பரசரின் திருமுகம் வந்தது. தளர்வு எதுவும் இல்லை. எங்கள் பத்திரிகையில் அதைத் தமிழில் போட்டிருந்தார்கள். மறைக்கல்வி படிப்பிக்கிறவள் என்பதால் வரி வரியாகப் படித்தேன். எல்லாம் பிழை என்று சொல்லமாட்டேன். பிறப்பைத் தடுக்கிற வழிகள் கைக்கு எட்டினால் ஆண்கள் பெண்களை மதிக்க மறந்துவிடுவார்கள் என்று ஓரிடத்தில் இருந்தது. உண்மையாக இருக்கலாம். அந்த மதிப்பை எங்கள் வீட்டில் அதற்கு முன்னர் எந்த அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

சுவாமி அண்ணனையும் எமரன்சியாவையும் தனித்தனியாகக் கூப்பிட்டார். செய்ததை இனி மாற்ற ஏலாது, மாற்றும்படி திருச்சபை கேட்கவும் இல்லை. செய்ததற்கு மனஸ்தாபப்பட்டால், அதாவது செய்தது பிழையென்று மனம் வருந்தினால், போதும். பாவமன்னிப்பு உண்டு, குடும்பம் நடத்தலாம், நன்மையும் எடுக்கலாம். அண்ணன் சனிக்கிழமை பின்னேரம் போய் மனஸ்தாபப்பட்டுவிட்டு, வரும் வழியில் மீனும் வாங்கிக்கொண்டு வந்தான்.

எமரன்சியா போனவள் வரவில்லை. தேடிக்கொண்டு நான் கோயிலுக்குப் போனேன். பாவசங்கீர்த்தனக் கூட்டருகே இன்னும் முழந்தாளில் இருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில்தான் நடந்ததைச் சொன்னாள்.

"பிள்ளை, மனஸ்தாபப்படுறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. நான் வேற ஒண்டும் கேக்கேல்லை," என்று சுவாமி கெஞ்சாத குறையாகக் கேட்டிருக்கிறார்.

"சொல்லலாம் சுவாமி. ஆனால் எனக்கு மனஸ்தாபம் இல்லையே. அக்கான்ர பிள்ளையள் போன போக்கைப் பாத்தனான். திரும்ப அந்தக் கட்டில்லை கிடந்தாலும் அதைத்தான் செய்வன்," என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து சுவாமி, அப்படியென்றால் என்னால் மன்னிப்புத் தர ஏலாது பிள்ளை, உனக்காகச் செபிக்கிறேன் என்றாராம். நான் அவளைத் தெருவில் வைத்தே ஏசினேன். ஊரில் எல்லோரும் மனதுக்குள் இருப்பதைத்தானா சொல்கிறார்கள், உன் புருசன் சொல்லவில்லையா என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அடுத்த ஞாயிறுப் பூசையிலிருந்து அவள் நன்மைக்கு எழும்பவில்லை. பெண்கள் பக்கத்தில் நாலாவது வரிசை. நன்மைக்கு மணி அடித்ததும் வரிசையே எழும்பிப் போகும். எமரன்சியா முழங்கால்களை ஒரு பக்கமாக ஒதுக்கி எல்லோருக்கும் வழி விடுவாள். எங்கள் ஊரில் நன்மைக்குப் போகாத பெண்ணிடம் ஏன் என்று யாரும் கேட்பதில்லை, தாங்களே முடிவு கட்டிவிடுவார்கள். துறைமுகத்து ஊர், வெளியூர்க் கப்பல்காரர் வந்துபோகிற இடம். என்ன முடிவு கட்டியிருப்பார்கள் என்று நான் எழுதத் தேவையில்லை. ஆண்கள் பக்கத்தில் என் அண்ணன் கைகூப்பிக்கொண்டு போய் நன்மை எடுத்துவிட்டு, கண்ணை மூடியபடி திரும்பி வருவான். அவனைப் பார்க்கும்போது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நானும்தான் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியிருந்தது.

அவளுக்கு விசுவாசம் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். போயிருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். தபசுகாலம் முழுக்க ஒருநேரச் சாப்பாடு, பின்னேரச் செபமாலை, ஒன்றையும் விட்டதில்லை. நன்மை அவளுக்கு வேண்டும். நெஞ்சு கிடந்து கேட்கும், எனக்குத் தெரியும். ஜெசிந்தா முதல் நன்மை எடுத்த அன்று வெள்ளை உடுப்போடு ஓடிவந்து, எல்லாற்ரை அம்மாவும் வந்தவை, நீங்கள் ஏன் வரேல்லை என்று கேட்டது. எமரன்சியா பிள்ளையின் தலையில் சரிந்திருந்த பூமுடியை நேராக்கிவிட்டு, குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுததை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

எமரன்சியாவின் மூத்தவன் அருளப்பு. தாய்க்கு ஒப்பரேசன் நடந்தபோது மட்டக்களப்பில் சிறிய குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தான். பிறகு கண்டிக்குப் போய்ப் படித்து முடித்து, எண்பதில் குருப்பட்டம் பெற்றுச் சுவாமியானான். புதுக்குரு சொந்தக் கோயிலில் முதல் பூசை வைக்கும்போது முதலில் தகப்பனுக்கும் தாய்க்கும் நன்மை கொடுப்பது வழக்கம். அதைப் பார்க்கவே சனம் வரும். ஒவ்வொரு தாயும் அந்த நிமிடத்துக்காகத்தான் பிள்ளையைக் குருமடத்துக்கு அனுப்புகிறாள் என்றுகூடச் சொல்லலாம். நாள் நெருங்க நெருங்க எமரன்சியா மெலிந்துகொண்டு வந்தாள்.

பூசைக்கு முதல்நாள், குசினியில் நாங்கள் பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தபோது அருளப்பு வந்து வாசலில் நின்றான். தகப்பன் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். எங்களூர்ச் சுவாமி இன்று பின்னேரம் பாவசங்கீர்த்தனக் கூட்டில் இருப்பார், போய்விட்டு வாருங்கள் என்று தாயிடம் மெதுவாகத்தான் சொன்னான். அவள் பணியாரத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு சொல்லுத்தானே அம்மா. எனக்காகச் சொல்ல ஏலாதோ?" என்றான்.

எமரன்சியா கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"அடுத்த பிள்ளையோடை நான் போயிருந்தால் நீ எங்கை நிண்டிருப்பாய் ராசா? குருமடத்தை விட்டுப்போட்டுக் கொப்பரோடை மூட்டை தூக்கித்தான் உன்ர சகோதரங்களைப் பாத்திருப்பாய். நான் உயிரோடை இருந்தபடியால்தான் நீ சுவாமியாய் வந்து நிக்கிறாய். அதுக்கு நான் என்னெண்டு மனஸ்தாபப்படுறது?"

இத்தனை வருடம் இறையியல் படித்த பிள்ளை, நீங்கள் வாங்கோ, நான் தருவன், அது பாவமென்றால் என்னைச் சேரட்டும் என்றான். எமரன்சியாவுக்குக் கோபம் வந்ததை அன்றுதான் கண்டேன். முதல் பூசையிலேயே உன்னைக்கொண்டு அப்படிச் செய்விப்பேனோ, போய் அலுவலைப் பார் என்று துரத்திவிட்டாள். எண்ணெய் கருகிக்கொண்டிருந்தது. நான்தான் சட்டியை இறக்கினேன்.

மறுநாள் வந்த சனத்தைக் கோயில் கொள்ளவில்லை. மூதூரிலிருந்து அவளுடைய ஆட்கள் முதல் லோஞ்சில் வந்திருந்தார்கள். எங்களை முன்வரிசையில் இருத்தினார்கள். எமரன்சியா நீலச் சேலை உடுத்து, தலைக்கு முக்காடிட்டு, ஒரு விக்கிரகம் மாதிரி இருந்தாள். இன்றைக்கும் முழங்காலை ஒதுக்கினால் நாளைக்கு ஊர் அவளை விட்டுவிட்டுப் பிள்ளையைக் கதைக்கும். அது எனக்கு விளங்கியது, அவளுக்கும் விளங்காமல் இராது. மணி அடித்தது. அண்ணன் போனான், எடுத்தான், அழுதுகொண்டு விலகினான். அருளப்பு அடுத்த அப்பத்தைக் கையில் எடுத்தான். எங்கள் பக்கம் பார்த்தபடி நின்றான்.

எமரன்சியா எழும்பினாள். காலையில் யாரிடமாவது போய் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டாளோ, அல்லது மகன் தருவதைத் தரட்டும் என்று வந்துவிட்டாளோ. எதுவாக இருந்தாலும் சரி, எடுத்துவிடு என்றுதான் மனம் சொல்லியது. நான் அவளுக்குப் பின்னாலேயே போனேன்.

"கிறிஸ்துவின் திருவுடல்" என்று அருளப்பு சொன்னான். ஆமென் என்று சொல்லி அவள் வாயைத் திறக்க வேண்டும். திறக்கவில்லை. கொஞ்சம் குனிந்து, நற்கருணைப் பாத்திரத்தைப் பிடித்திருந்த அவனுடைய கையை முத்தமிட்டாள். புதுக்குருவின் கையை முத்தமிடுவது யாரும் செய்வதுதான். பிறகு நன்மை எடுத்தவர்களைப் போலவே கைகளைக் கூப்பிக்கொண்டு, தலை குனிந்தபடி தன் இடத்துக்குத் திரும்பிப் போனாள். பின்னால் இருந்த சனத்துக்கு அவளுடைய முதுகு மட்டுந்தான் தெரிந்தது. மகனிடம் தாய் நன்மை எடுத்துவிட்டாள் என்று பெண்கள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

அவளுக்கென்று எடுத்த நன்மை அருளப்புவின் விரல்களுக்கிடையில் அப்படியே இருந்தது. அதைப் பாத்திரத்துக்குள் திரும்பப் போட அவனுக்குக் கை வரவில்லை. அடுத்ததாக நான் நின்றேன். கண்ணீர் வடிய வடிய அதை என் நாக்கில் வைத்தான். ஆமென் சொன்னேனோ என்று நினைவில்லை. இடத்துக்கு வந்து அவளுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்ட பிறகும் என்னால் அதை விழுங்க முடியவில்லை.