எங்கள் சாமி குளிக்கும் கரை

மாசி மகத்தன்று எங்கள் ஊர்ச் சாமியை டிராக்டரில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டுவோம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் எங்கள் ரிஷிவந்தியம் பக்கம் கடல் ஏது? ஆனாலும் அந்த ஒருநாள் அது எங்கள் கடல்தான்.

படகுகளுக்காகத் தெற்கே கடலுக்குள் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு கட்டினார்கள். அது மணலை மறித்துக்கொண்டது. வடக்கே நாங்கள் சாமியை இறக்கும் கரையை அலை தின்றுவிட்டது. அந்த வருஷம் போனபோது பாறைகள்தான் கிடந்தன.

"கொடத்துல மொண்டு ஊத்திக்கினு கெளம்புங்க. கள்ளக்குறிச்சிக்கும் கடலுக்கும் இன்னா சம்பந்தம்?" என்றார் காவலுக்கு நின்ற அதிகாரி.

எனக்குச் சுர்ரென்றது. "கொடத்துத் தண்ணிக்கு இவ்ளோ தூரம் வரணுமா? வூட்டுலயே ஊத்திக்க மாட்டமா?" என்றேன். சாமியை ரோட்டிலேயே இறக்கி, சுற்றி உட்கார்ந்தோம். மீனவப் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் வலை காயவைத்த கரையும் அதுதான்.

பிறகு வளைவின் நீளத்தைக் குறைத்தார்கள். மணல் மெல்லத் திரும்பியது, ஒரு சாமி இறங்கும் அளவுக்கு மட்டும். இந்த மாசியில் சாமி மணலில் இறங்கிக் குளித்தது. குளித்ததும் தூக்கிவந்து அதே ரோட்டில் இறக்கி, மீனவப் பெண்களோடு உட்கார்ந்தோம்.

"அதான் எடம் கெடைச்சிடுச்சே, இன்னும் இன்னா?" என்றார் அதே அதிகாரி.

"எங்க சாமிக்குக் கெடைச்சுது. இவங்க வலைக்கு?" என்றேன்.