மகளை அக்கா சேர்த்த பள்ளிக்கூடம்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு நீதான் எழுத வேண்டும் என்று அக்காவின் கணவர், எங்கள் மாமா, சொல்லிவிட்டார். வீட்டில் கான்வெண்டில் படித்தவன் நான் ஒருவன்தான், அதனால் தமிழில் எழுத வராது என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. அழுகையும் வரவில்லை, எழுத்தும் வரவில்லை. வருகிற வரை எழுதுகிறேன்.

அக்கா சேலையூரில் பிறந்தார். ஊர்ப் பள்ளியில் படித்து, பயிற்சி முடித்து, பல்லாவரம் பக்கம் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையானார். மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டுக் குரோம்பேட்டை வந்தது அறுபதுகளின் நடுவில். ஆண்பிள்ளை என்பதால் என்னை மட்டும் அப்பா தாம்பரத்தில் கான்வெண்டில் சேர்த்தார். அங்கே பியானோ இருந்தது. அக்காவின் பள்ளியில் இரண்டு வகுப்புக்கு ஒரே கூடம். மழை வந்தால் இரண்டும் ஒரே மூலையில்.

மகளுக்கு ஐந்து வயதானதும் வீட்டில் சண்டை. அக்காவோடு வேலை பார்த்த ஆசிரியைகளே தம் பிள்ளைகளைக் கான்வெண்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் பள்ளிக்கு வருவார்கள்.

“ஆபீஸ்ல கேக்கறாங்க, பொண்ணு எங்க படிக்கப் போவுதுன்னு. என்னன்னு சொல்றது?” என்றார் மாமா.

“அம்மா ஸ்கூல்லன்னு சொல்லுங்க.”

“இங்கிலீஷ் வேணாமா?”

அக்கா என்னைக் கைகாட்டினார். நான் இட்லியில் மும்முரமாக இருந்தேன். “இதோ உக்காந்திருக்கே இங்கிலீஷ். பத்து வருஷம் டை கட்டிகிட்டுப் போனான். என்ன கத்துகிட்டான்? டை கட்டக் கத்துகிட்டான்.”

“அதுவும் கோணலாத்தான் வரும்க்கா,” என்றேன்.

மாமா சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. “நான் சொல்லிக் குடுக்கறது ஊர்ப் பிள்ளைங்களுக்குப் போதும், என் பிள்ளைக்குப் போதாதுன்னா, நாளைக்கு எந்த முகத்தோட கிளாசுக்குப் போவேன்?”

ஜூன் மாதம் தாயும் மகளும் ஒரே பஸ்ஸில் பள்ளிக்குப் போனார்கள். ஆனாலும் ஒவ்வொரு ஜூனிலும் மாமா சண்டையைப் புதுப்பிப்பார்.

சென்ற மார்கழியில் அக்காவுக்கு மஞ்சள் காமாலை. பொங்கலுக்கு அக்கா இல்லை.

பதினாறாம் நாள் பந்தியில் உறவினர் ஒருவர் மாமாவின் தோளில் கை வைத்தார். “தாயில்லாப் பொண்ணு. இனிமேயாவது நல்ல ஸ்கூல்ல படிக்கட்டும். கான்வெண்ட் சீட்டுக்கு நான் சொல்றேன்.” பிறகு இன்னொருவர் சொன்னார். பிறகு மூன்றாமவர். நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள். நான் சாம்பார் வாளியோடு நின்றேன். எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கிறவன் நான், அடுத்த இலைக்கு நகர்ந்தேன்.

கை கழுவும் இடத்தில் மாமா என்னிடம் கேட்டார்: “மச்சான், இப்ப கொண்டுபோய்ச் சேர்த்தா நான் ஜெயிச்ச மாதிரியா?”

“தெரியல மாமா.”

“எதிர்ல நின்னு அவ தோத்திருக்கணும் மச்சான்.”

மருத்துவமனையில் மாறி மாறித் துணையிருந்த ஆசிரியைகளுக்கும், பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து நின்ற தலைமை ஆசிரியருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கான்வெண்டில் இடம் வாங்கித் தருவதாகச் சொன்ன மூவருக்கும் நன்றி. பெண் அக்காவின் பள்ளியிலேயே மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அந்த வகுப்புக்கு இன்னும் டீச்சர் போடவில்லை.