பிள்ளையை முழுங்கினவள்

விலங்குப் படங்களுக்குக் குரல் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுப் பையன். இந்தப் பக்கம் அவளும் ஒரு மைக்கும். மின்விசிறிகூடக் கிடையாது, சத்தம் வருமாம். வீட்டிலும் பேச ஆளில்லை. ஆகவே அவள் வாயிலிருந்து வருவதெல்லாம் அநேகமாக எவரோ எழுதிக் கொடுத்த பேச்சுதான்.

அன்றைக்குக் கரடிப் படம். திரையில் ஒரு தாய்க் கரடி, செத்துக் கிடந்த தன் குட்டியைத் தின்றுகொண்டிருந்தது. அவள் படிக்கவேண்டிய வரி: “பெற்ற பிள்ளையையே முழுங்கினவள் இவள்!”

அவள் அந்த வரியைப் படிக்காமல் நிறுத்தினாள்.

“என்னக்கா, கரடியப் பாத்து பயந்துட்டீங்களா? அது திரையை விட்டு வராது,” என்றான் ஒலிப்பதிவுப் பையன்.

அதே சொல்லை மாமியார் வாயால் கேட்டவள் அவள். மகன் காய்ச்சலில் போன அன்று. டாக்டரே இல்லாமல் திறந்து வைத்திருந்த ஆஸ்பத்திரியை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெற்றவள் தலையில் பழியைப் போட்டுக் கை கழுவினார்கள். புருஷனும் அவர்கள் பக்கமே நின்றான்.

“தம்பி, கொஞ்சம் முன்னாடியிருந்து போடு.”

போட்டான். பெரிய ஆண் கரடி ஒன்று வந்தது. தாய் பாய்ந்து மறித்தது; அடி வாங்கிப் புரண்டது. ஆண் கரடி குட்டியின் கழுத்தைக் கடித்துக் குதறிவிட்டுப் போனது. தாய் குட்டியை மோந்தது, மூக்கால் தள்ளித் தள்ளி எழுப்பிப் பார்த்தது. வெகுநேரம் கழித்துத்தான் தின்றது.

“கொன்னது அவன். பழி இவளுக்கா? பசிச்சுது, தின்னுச்சு. நடந்ததைச் சொல்லலாமே?”

அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தயாரிப்பாளர் குறுக்கிட்டார்: “ஏம்மா, கரடி என்ன நம்ம மேல கேஸா போடப்போகுது? ஒரு வரி. படிச்சிட்டா அடுத்த படமும் உங்களுக்குத்தான்.”

“கரடி கேஸ் போடாது சார். ஆனா நான் படிக்க மாட்டேன்.”

அதன்பிறகு அங்கிருந்து அழைப்பே வரவில்லை.

படம் தொலைக்காட்சியில் வந்தபோது தனியாக உட்கார்ந்து பார்த்தாள். பனி, ஆறு, மீன் எல்லாம் அவள் குரல். ஆண் கரடி வந்த காட்சியையே வெட்டி எறிந்திருந்தார்கள். குட்டியைத் தின்னும் இடத்தில் மட்டும் வேறொருத்தியின் குரல்.

“கொன்னது அவன்!” என்று தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தினாள்.

பக்கத்து வீட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.